யார் வீட்டுப் பிள்ளை நெய்யணும்?

கைத்தறி அழியக் கூடாதுன்னு நாம எல்லாருமே சொல்றோம். சரி, யார் நெய்யணும்? இதைக் கேட்டா மட்டும் பேச்சு நின்னு போயிடுது. நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். என் தங்கைக்கு டாக்டர் ஆகணும். எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்காரப் போவதில்லை. ஆனால் தீபாவளிக்கு டெக்கா மாடியில் சேலை எடுக்கும்போது, காஞ்சிபுரத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து நெய்துகொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பு தர்மமா?

அந்த 'யாரோ' யார்? இந்தியாவின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) நாடு முழுவதும் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். பத்துப் பேரில் ஏழு பேர் பெண்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு குடும்பங்களுக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. நம்ம காசுக்கு நூறு வெள்ளிகூட வராது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் தனியாக முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கணும். (விசைத்தறிக்கு இது ஏன் கஷ்டம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். வேண்டாம், விடுங்கள்.) பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி அல்லது மகள். தார் சுற்றுவதும் பெரும்பாலும் அவர்களே. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தனியாக எதுவும் இல்லை.

இந்த இடத்தில் சிலர் கர்ம யோகத்தை இழுப்பார்கள்: பலனை நினைக்காமல் உழைப்பதுதானே உயர்ந்தது? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அது எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய பாடம். அடுத்தவர் கூலியைக் குறைக்க அதைச் சொன்னால் அதற்குப் பேர் யோகம் இல்லை, பேரம்.

"அப்போ விட்டுடு, மியூசியத்தில வச்சுப் பார்த்துக்கலாம்" என்றான் ஹாஸ்டல் நண்பன். அதுவும் சரியில்லை. பெருவின் குஸ்கோ நகரில் 1996-இல் நில்டா கயன்யாவ்பா என்ற நெசவாளர், ஆண்டிஸ் மலைக் கிராம நெசவாளர்களைச் சேர்த்து ஒரு மையம் தொடங்கினார். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் நெய்கிறார்கள். சிறுவர் சிறுமியரும் பெரியவர்களிடம் கற்கிறார்கள். விற்கும் துணியில் நெய்தவரின் பெயர் இருக்கும். நம் சேலைப் பையில் கடைப் பெயர்தானே பெரிசா இருக்கு?

காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தி நல்ல கூலி கிடைத்து, பிடித்துப்போய் நெய்தால் எனக்குச் சந்தோஷம். பிடிக்காமல் பொறியியல் படிக்கக் கிளம்பினால், கலை போச்சே என்று அவளிடம் புலம்ப எனக்கு உரிமை இல்லை. நான் செய்யக்கூடியது விலையில்தான் இருக்கிறது. அம்மாவிடம் பேசிவிட்டேன்: இந்த வருஷம் மூன்று சேலைக்குப் பதில் ஒன்று, கோர்வை, பேரம் பேசாமல். "யார் நெஞ்சதுன்னு கடையில கேட்டுட்டு வா" என்கிறார் அம்மா.