கடலாயியின் பக்கம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பங்குகளில் திருவிழாவுக்கு நாடகம் போடும் வழக்கம் பழையது. இப்போது மேடையின் இடத்தைக் கைபேசிக் காமிரா பிடித்துக்கொண்டது. இளைஞர்கள் திரைக்கதை எழுதி நம்மிடம் படிக்கத் தருகிறார்கள். புனித அருளானந்தர் வரலாறு அவர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. லிஸ்பன் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்து, பின் காவியுடுத்த அவர் தொடக்க ஆண்டுகளில் செஞ்சிச் சீமையிலும் உழைத்தவர். கோட்டையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. படப்பிடிப்புக்குச் செலவு குறைவு!

இத்தகைய கதைகளில் ஓரிடம் மட்டும் நம்மை உறுத்துகிறது. கடலாயி என்ற பெண் வரும் இடம் அது. எவர் எழுதினாலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வருகிறாள், சூழ்ச்சி செய்கிறாள், புனிதரின் தலை விழுந்ததும் சிரிக்கிறாள்.

வரலாறு சொல்வது இவ்வளவே. சிறுவல்லியின் தலைவர் தடியத்தேவர் தீராத நோய் நீங்கப்பெற்றுத் திருமுழுக்குக் கேட்டார். அவருக்கு மனைவியர் ஐவர். முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினாலன்றித் திருமுழுக்கு இல்லை என்றார் அருளானந்தர். தேவர் இசைந்தார். 1693 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று அவர் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் இளையவளான கடலாயி, இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவினள். அவள் அரசனிடம் முறையிட்டாள். ஜனவரி 8-இல் புனிதர் கைதானார். பிப்ரவரி 4-இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார்.

இதைக் கேட்டவுடன் நமக்குத் திருமுழுக்கு யோவானும் ஏரோதியாளும் நினைவுக்கு வருகிறார்கள். மறையுரைக்கு அது நல்ல ஒப்புமை. திரைக்கதைக்கோ அதுவே கண்ணி. ஏரோதியாள் தன் கணவனை விட்டு அவன் சகோதரனிடம் போனவள். கடலாயி யாரையும் விட்டுப் போகவில்லை, அவள் விடப்பட்டவள். தன் குலம் அறிய, தன் நாட்டு வழக்கப்படி மணம் முடித்த ஒரு பெண், தன்னிடம் ஒரு குற்றமும் இல்லாமல், ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தாள். அவளைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை.

அப்படியானால் அருளானந்தர் செய்தது தவறா என்று கேட்பார்கள். தவறன்று. திருமணத்தைப் பற்றி ஆண்டவர் சொன்னதை ஒரு தலைவனின் வசதிக்காக வளைத்திருந்தால் அவர் மறைசாட்சி ஆகியிருக்க மாட்டார். ஆனால் ஒருவர் சரியானதைச் செய்யும்போது அதன் விலையில் ஒரு பங்கை வேறொருவர் கொடுக்க நேர்வதுண்டு. அருளானந்தர் தம் பங்கைத் தம் இரத்தத்தால், மனமுவந்து கொடுத்தார். கடலாயியின் பங்கு அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைப்பது எட்டாம் கட்டளைக்குப் பொருந்துமா? ‘பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லாதே’ என்னும்போது, அந்தப் ‘பிறர்’ என்ற சொல்லில் இறந்தவரும் அடங்குவர் என்பதே நம் எண்ணம். மறுத்துப் பேச வாயில்லாதவர் அவர்தாமே.

திருச்சபையே இதை உணர்ந்திருக்கிறது. பல மனைவியருள்ள ஒருவர் திருமுழுக்குப் பெறும் நிலையைப் பற்றிப் பேசும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1148-ஆம் பிரிவு, விலக்கப்படும் பெண்களின் தேவைகள் நீதிக்கும் அன்புக்கும் ஏற்ப நிறைவு செய்யப்படுவதை ஆயர் உறுதிசெய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கடலாயி போன்றோரின் கண்ணீரைக் காணாதவர்கள் எழுதிய சட்டமன்று அது.

சேதுபதிக்கும் இதே நீதி வேண்டும். 1686-இல் அருளானந்தர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானபோது, அவரை அழைத்துப் பேசி, தன் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவித்தவர் இதே சேதுபதிதான். தடியத்தேவரோ ஆட்சியுரிமை கொண்டாடத்தக்க மரபினர் என்று மறைப்பணி வரலாறுகள் கூறுகின்றன. எனவே அரசனின் சினத்தில் மனைவி விவகாரம் பாதி, அரியணை அச்சம் பாதி. வெறும் கொடுங்கோலனாக எழுதினால் கதையே நொண்டிப்போகும். இன்றும் தென்பாண்டிச் சீமை மக்கள் பெருமையோடு நினைவுகூரும் அரசர் அவர் என்பதையும் மறக்கலாகாது.

எதிரியை எழுதும் கலை நம் மண்ணுக்குத் தெரியாததா? செஞ்சியைச் சுற்றிய ஊர்களின் பாரதக்கூத்தைப் பாருங்கள். பதினெட்டாம் போரில் துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து பாடி, கட்டியக்காரன் கட்டியம் கூற, முழு அலங்காரத்தோடு வருகிறான். அவன் பேச வேண்டியதை விடிய விடியப் பேசுகிறான். படுகளத்தில் அவன் விழுந்தபின் அவனுக்கு ஒப்பாரியும் உண்டு. அவன் செய்தது அறம் என்று எந்தக் கூத்தரும் சொல்வதில்லை. ஆனால் அவனை ஊமையாக்குவதும் இல்லை. ‘ஞானசௌந்தரி’யில் சிற்றன்னையை எவ்வளவு கொடியவளாகக் காட்டினாலும் எவருக்கும் இழப்பில்லை, அது கதை. (1948-இல் ஒரே ஆண்டில் இருவர் அதைப் படமாக்கினார்கள்!) கடலாயி வாழ்ந்த பெண்.

அருளானந்தர் இயேசு சபையினர். அச்சபையின் தந்தை புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே, பிறர் சொல்லைக் கண்டிக்க விரைவதைவிட அதற்கு நல்ல பொருள் காணவே முயல வேண்டும் என்கிறார். தம்மைக் கொல்லக் காரணமான பெண்ணைப் பற்றிய காட்சியை அருளானந்தரே வாசித்தால் எங்கே முகம் சுளிப்பார் என்று எழுதுவோர் எண்ணிப் பார்க்கலாம்.

திரைக்கதைக்கு நாம் சொல்லும் யோசனை ஒன்றே. ஜனவரி 6-இல் திருமுழுக்கு, பாட்டு, கூட்டம் எல்லாம் காட்டுங்கள். அரசனிடம் அவள் போகும் காட்சிக்குத் தாவுமுன், சிறுவல்லியில் அவள் வீட்டுக்குள் காமிராவை ஒருமுறை கொண்டு செல்லுங்கள். செய்தி அவளை எட்டுகிறது. யார் வந்து சொன்னார்கள், என்ன சொற்களால் சொன்னார்கள், அப்போது அவள் கையில் என்ன வேலை இருந்தது என்பதை எழுதுங்கள். அதை எழுதாமல் அவளை இராமநாதபுரத்துக்கு அனுப்ப வேண்டாம்.