ஓடாத நாளிலும் எண்ணெய்

ஜப்பானின் இசெசாகி நகரில் கெசோஜி பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் அந்த இடத்தில் சி61 20 என்ற நீராவி என்ஜின் 30 ஆண்டுகளுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. நம் அகலப் பாதையைவிட அரை மீட்டருக்கும் மேல் குறுகிய, 1067 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கான என்ஜின் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயணிகள் ரயிலை இழுக்க என்ஜின்கள் போதவில்லை. சரக்கு ரயில் என்ஜின் ஒன்றின் கொதிகலனைப் புதிய அடிச்சட்டத்தில் ஏற்றி, 1949-இல் இதைச் செய்தார்கள். 1973-இல் பணி ஓய்வு. மறு ஆண்டு பூங்கா. 1975 முடிவதற்குள் அந்நாட்டுத் தேசிய ரயில்வேயில் அன்றாட நீராவி ரயில்களே நின்றுபோயின.

2010-இல் கிழக்கு ஜப்பான் ரயில்வே அதைப் பூங்காவிலிருந்து ஓமியா பணிமனைக்குக் கொண்டுபோனது. பாகம் பாகமாகப் பிரித்துச் சீர்செய்தார்கள். 2011 ஜூன் மாதம் அது பயணிகளை ஏற்றிய பெட்டிகளை மறுபடி இழுத்தது.

பூங்காவில் வெயிலிலும் மழையிலும் ஓடாமல் நிற்கும் என்ஜினுக்கும் கவனிப்பு தேவை. புகைபோக்கிக்கு மூடி இல்லையென்றால் மழைநீர் உள்ளே இறங்கித் துரு அரிக்கும். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளுக்கு எண்ணெய் இட வேண்டும். பெயின்ட் உரிந்த இடத்தில் உடனே மறுபடி பூச வேண்டும். ஜப்பானியப் பூங்காக்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்வது உள்ளூர்த் தொண்டர்களும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களும்தான். தாங்கள் துடைக்கும் என்ஜின் மறுபடி ஓடும் என்று அவர்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. உழைத்த ஒன்றுக்குச் செய்யும் மரியாதையாகவே செய்கிறார்கள்.

பயன் தரும்போது ஒன்றைப் பேணுவது எளிது. பயன் நின்றபின்னும் பேணுவதில்தான் அன்பு தெரிகிறது. எதிர்காலத்தின் வாசலும் அப்போதுதான் திறந்திருக்கிறது. முற்றிலும் துருப்பிடித்துப்போனதை எந்தப் பணிமனையாலும் மீட்க முடியாது.

குடும்பத்துக்காகவும் பிழைப்புக்காகவும் நாம் ஒதுக்கிவைத்தவை எத்தனையோ: கற்ற பாட்டு, ஆசையாய்ப் படித்த ஒரு மொழி, அப்பா பழக்கிய கைத்தொழில். இனி எதற்கு என்று கைவிட்டுவிடாதீர்கள். அவற்றில் ஒன்றுக்கு இன்று பத்து நிமிடம் கொடுங்கள். என்றைக்கு உதவும் என்ற கணக்கு வேண்டாம். அழைப்பு வரும் நாளில் அது உயிரோடு இருந்தால் போதும்.