பழக்கமும் கண்காணிப்பும்

பழக்கவழக்கம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமாயினும், அச்சொல்லுக்குள் இருவேறு பொருள்கள் அடங்கியுள்ளன. வழக்கம் ஊரார் நமக்கு விட்டுச்சென்றது. பழக்கம் ஒருவர் தாமே பயின்று தமதாக்கிக்கொள்வது. உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு நல்ல பழக்கங்களை ஊட்ட வேண்டும், அப்பொழுதுதான் கல்லூரியில் அவர்கள் தடுமாறமாட்டார்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் ஓயாமல் வற்புறுத்துகின்றனர். அவ்வாறு ஊட்டப்படுவது உண்மையில் பழக்கந்தானா, அன்றிப் பிறர் கண்முன் மட்டும் நிலைத்திருக்கும் ஒரு பணிவா என்பதே எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் முதல் துணைநகரமாக 1950களில் எழுந்து, 1953இல் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியாரின் நினைவாகப் பெயர் பெற்ற இடம் இது. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இதன் கட்டுமானப் பணியைத் தொடர்ந்தது. சிறிய அடுக்குமாடி வீடுகளில் பெரிய குடும்பங்கள் வாழ்ந்த அந்நாளில், பிள்ளை ஒருவன் புத்தகத்தை விரித்து உட்கார ஒரு மூலை கிடைப்பதே அரிது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அன்றைய பிரதமர் லீ குவான் யூ மார்கரெட் டிரைவில் குவீன்ஸ்டவுன் நூலகத்தைத் திறந்துவைத்தார். நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம் அதுவே. 2013ஆம் ஆண்டு அக்கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. கட்டடத்தைக் காட்டிலும் எனக்கு வியப்பளிப்பது அங்கு வருகைப் பதிவேடு இல்லை என்பதே. வராதவனைத் தேடுவார் இல்லை. வந்தவன் எப்பக்கத்தைப் படித்தான் என்று கேட்பாரும் இல்லை.

இவ்வட்டாரத்து மாணவர்க்கு உயர்கல்வி கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. டோவரில் சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி. அதனையடுத்துக் கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழகம். ஆயினும் அந்தச் சிறு தொலைவுக்குள் மாணவர் உள்ளம் கடக்க வேண்டிய வழி நெடியது. பள்ளியிலோ மணி அடிக்கிறது, வீட்டுப்பாடம் சரிபார்க்கப்படுகிறது, கையேட்டில் பெற்றோர் கையொப்பமிடுகின்றனர், மாலையில் துணைப்பாட வகுப்பு காத்திருக்கிறது. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் ஒருவன் இல்லையென்றால் நாற்காலி ஒன்று காலியாக இருக்கும், அவ்வளவே. இம்மாற்றத்தின் கடுமையைப் பல்கலைக்கழகமே உணர்ந்துள்ளது. 2014ஆம் ஆண்டு முதல், புதுமுக மாணவரின் முதற்பருவ மதிப்பெண்கள் இறுதித் தர மதிப்பீட்டில் சேராதிருக்க வழிசெய்தது. பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் 2023ஆம் ஆண்டோடு முற்றாக நீக்கப்பட்டன. அரசு ஒரு காவலை எடுத்துவிட்டது. அவ்விடத்தில் வேறொரு காவலை நிறுத்தத் துடிக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு.

நற்செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நல்லவனாகிறான், யாழை வாசித்து வாசித்தே யாழிசைஞனாவதைப் போல, என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். இதனைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவரே தொடர்ந்து கூறும் நிபந்தனையை எடுத்துக்காட்டுவோர் சிலரே. செய்பவன் அறிந்து செய்ய வேண்டும். அச்செயலுக்காகவே அதனைத் தேர்ந்து செய்ய வேண்டும். அசையாத உள்ளத்தோடு செய்ய வேண்டும். இவை இல்லாதவழி, செயல் சரியாக இருப்பினும் செய்தவன் மாறுவதில்லை என்பது அவர் கருத்து.

நம் வள்ளுவரும் இவ்வகையில் சிந்திக்க இடந்தருகிறார். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய அதிகாரங்கள் மாணவர்க்கென்றே அமைந்தவைபோல் பள்ளி மேடைகளில் முழங்குகின்றன. ஆனால் அவை நிற்கும் இடம் பொருட்பாலின் அரசியல் பகுதி. அரசனுக்கு மேல் ஏவுவார் இல்லை. சோம்பியிருந்தால் தட்டிக் கேட்பார் அரியர். ஏவுவார் இல்லாதவனுக்கே இவை மிகுதியும் வேண்டும் என்ற நோக்கு அவ்வைப்புமுறையில் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டாயமின்றிப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எதையும் தொடங்காது என்பார் கூற்றிலும் உண்மை இருக்கிறது. கட்டடம் எழும்வரை சாரம் வேண்டும். அதனை மறுப்பது பேதைமை. சாரத்தை எப்பொழுது பிரிப்பது என்பதே நாம் பேசத் தயங்கும் செய்தி. உயர்நிலை மூன்றில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பிரிக்கலாம். வாரத்தில் ஒரு மாலையை மாணவன் கையிலேயே விட்டு, அம்மாலை வீணானாலும் பொறுத்திருக்கலாம். வீணாகும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்; முதல் சில வாரங்கள் கைப்பேசியே அதனை விழுங்கும். பழக்கத்தைப் பற்றி 1890இல் விரிவாக எழுதிய அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ், எவரும் கேளாத ஒரு சிறு அரிய செயலை நாள்தோறும் செய்து முயற்சியின் ஆற்றலை உயிரோடு வைத்திருக்குமாறு அறிவுறுத்தினார்.

சிங்கப்பூர் இளைஞர்க்கு இதில் தனிச்சோதனையும் ஒன்றுண்டு. 1967 முதல் நடப்பிலுள்ள தேசிய சேவை, இன்று தொடக்கக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இரண்டாண்டுகளை எடுத்துக்கொள்கிறது. விடியலில் எழுதல், படுக்கையை ஒழுங்குபடுத்தல், குறித்த நேரத்தில் நிற்றல் ஆகிய அனைத்தும் அங்கே கட்டளையால் நிகழ்கின்றன. படிக்கும்படி மட்டும் எவரும் கட்டளையிடுவதில்லை. அவ்விரண்டாண்டுகளைத் தாண்டி எது எஞ்சுகிறதோ அதுவே அவ்விளைஞனின் சொந்தப் பழக்கம்.

தமிழ் படிப்பதையும் இவ்வளவையாலேயே அளக்க வேண்டியிருக்கிறது. பத்தாண்டுகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழைப் பயின்ற பிள்ளை, கட்டாயம் நீங்கியதும் ஒரு தமிழ்ப் புத்தகத்தையும் தொடாமல் பட்டதாரியாகிவிட முடியும். அதனைக் கண்டு தமிழுணர்வு குன்றியதாக வருந்துகிறோம். கருத்து விளக்கப் பயிற்சியும் மாதிரிக் கட்டுரையும் தவிர அப்பிள்ளை வேறெதனையும் தன் விருப்பால் படித்ததில்லை என்றால், அங்கே அழிவதற்கு வாசிப்புப் பழக்கம் என ஒன்று இருந்ததா? தேர்வுக்குரியதல்லாத ஒரு சிறுகதையையேனும் அவனாகவே தேர்ந்தெடுத்து, பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவைக்கும் உரிமையோடு படிக்க விட்டிருக்கலாம்.

நான்காண்டு உழைப்பை அளக்க ஒரு காலம் தானாகவே வாய்க்கிறது. உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு நவம்பரில் முடிகிறது. முடிவுகள் சனவரியில் வெளியாகின்றன. இடைப்பட்ட வாரங்களில் பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை, துணைப்பாட ஆசிரியரும் இல்லை. பிள்ளை எத்தனை மணிக்கு எழுகிறது, எதனைக் கையில் எடுக்கிறது என்பதை ஒன்றும் கேளாமல் பெற்றோர் கவனித்து வரலாம்.