தடுப்பதும் மருந்தன்றோ?

ஒலக்கூரைச் சேர்ந்த நம் உறவினர் ஒருவர், ஹெபடைடிஸ் பி வைரசினால் கல்லீரல் முற்றும் கெட்டு, சென்னையில் மாற்றுக் கல்லீரல் பெற்று ஊர் திரும்பினார். மூளைச்சாவுற்ற ஒருவரின் குடும்பத்தார், தம் துயரின் நடுவே, முன்பின் அறியாதவர்க்கு ஈந்த உறுப்பு அது. அறுவைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் மூன்றாம் மாதத்து ஊசி மருந்தின் ரசீதை அனுப்பியபோது, இது தடுப்பு மருந்தேயன்றிச் சிகிச்சையன்று என்றும், மருத்துவமனையை விட்டு வந்தபின் 60 நாள்வரைதான் செலவு தரப்படும் என்றும் கடிதம் வந்தது. அதனை நம்மிடம் காட்டிய அவர் மனைவியார், "ஈரலைக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்ற வேண்டாம் என்றால் எப்படி மாமா?" என்று கேட்டார். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

கெட்ட கல்லீரலை அகற்றினாலும் வைரசு முழுதும் அகல்வதில்லை. குருதியில் எஞ்சியிருந்து புதிய உறுப்பையும் பற்றும். புதிய உறுப்பை உடல் வெறுத்து ஒதுக்காதிருக்கும் பொருட்டுக் கொடுக்கும் மாத்திரைகளோ, உடலின் இயல்பான எதிர்ப்பாற்றலையும் அடக்கிவிடுகின்றன. ஆதலின் பிறர் உடலில் உருவான எதிர்ப்பொருளை இவருக்கு இரவல் தரவேண்டியுள்ளது. அதுவே ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின். மனிதர் கொடுத்த குருதியின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது; உயிர்க்கொலையால் வருவதோ என்று நம் இல்லத்துப் பெரியோர் ஐயுற வேண்டுவதில்லை.

பழைய கல்லீரலை எடுத்த அளவிலேயே, அறுவை மேசையின் மீதே, இம்மருந்தின் முதல் அளவு செலுத்தப்படும். பின்னர்ச் சில நாள் அன்றாடமும், அதன்பின் இடைவெளி விட்டுப் பல மாதங்களும் தொடர்வது உண்டு. மேசையில் ஏற்றியது சிகிச்சையாம். திண்டிவனத்திலிருந்து பேருந்தேறிச் சென்று ஏற்றிக்கொள்வது தடுப்பாம்! மருந்தும் ஒன்று, வைரசும் ஒன்று, உடலும் ஒன்று. மாறியது கட்டில் மட்டுமே.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல், நிறுவனங்கள் விலக்கக்கூடாத 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டது. ஊசி வழிச் செலுத்தும் 'மோனோகுளோனல்' எதிர்ப்பொருள் அவற்றுள் ஒன்று. பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருள் அவ்வகையைச் சார்ந்ததன்று. அரசுத் திட்டத்திலும் வரம்பு உண்டு. ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பிய பின் 15 நாள் செலவையே ஏற்கிறது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அங்குள்ள பணம் அவர்களுடையதன்று. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி, ஒரு காசும் திரும்பப் பெறாத ஆயிரமாயிரம் குடும்பங்களுடையது. அதனைக் கேட்டார்க்கெல்லாம் வாரி வழங்குவது வள்ளன்மையாகாது. மேலும் என்டெகாவிர், டெனோபோவிர் போன்ற மாத்திரைகள் வந்தபின், வைரசு குறைவாயுள்ள பலருக்கு இவ்வூசியை விரைவில் நிறுத்திவிடலாம் என்றே மருத்துவர் பலர் கருதுகின்றனர். நம் உறவினர்க்கும் ஒருநாள் அவ்வாறு கூறப்படலாம். அன்று எவரும் வருந்தப்போவதில்லை. நோயாளியின் குருதியைச் சோதித்து மருத்துவர் நிறுத்துவது வேறு. சொல்லுக்குப் பொருள் பார்த்து அலுவலகம் நிறுத்துவது வேறு. பின்னதில் ஆராயப்பட்டது தாளேயன்றி உயிரன்று.

நம் அறநூல்கள் தானத்தை ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்காக வகுத்தன. காப்பீடு தானமன்று, ஒப்பந்தமே என்பதை அறிவோம். எனினும் அவ்வகுப்பில் ஒன்று நோக்கத்தக்கது: ஔடதத்தின் அருகே அபயம் நிற்கிறது. வந்த நோயைத் தீர்ப்பது ஒன்று, வருமோ என்னும் அச்சத்தை நீக்குவது மற்றொன்று. நம் உறவினர்க்கு இப்போது முன்னதினும் பின்னதே தேவை. அக்கல்லீரலை ஈந்த முகமறியாக் குடும்பத்தை எண்ணும்போது, இவ்வழக்கில் மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டென்பது நமக்குப் புலனாகிறது. அவர்தம் கொடை ஒரு குப்பி மருந்தின்றிக் கெடுமாயின், இழப்பு ஒலக்கூர் வீட்டினது மட்டுமா?

நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நம் உறவினர் மருத்துவரின் கடிதத்தை இணைத்து மனு அனுப்பியுள்ளார். முடிவு வருமுன், இம்மாத ஊசிக்காக மணிலா விற்ற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்கிறார்கள்.