"எல்லாரும்தான் செய்யுறாங்க" என்பது நியாயமா?



பரீட்சையில் பிட்டு வைத்து எழுதுகிற பிள்ளையைப் பிடித்துக் கேட்டால், "எல்லாரும்தான் செய்யுறாங்க" என்று சொல்லுகிறது. ஆபீசில் மேஜைக்கு அடியில் கை நீட்டுகிறவரும் அதையே சொல்லுகிறார். பில் போடாமல் சரக்கு விற்கிற கடைக்காரர் வாயிலும் அதே வார்த்தைதான். இந்த வார்த்தை ஒரு மனுஷனை உண்மையிலே நியாயப்படுத்துமா? இதைச் சிந்திக்க விளையாட்டு உலகத்தில் நடந்த ஒரு காரியம் நமக்கு உதவும்.

பிரான்ஸ் தேசத்தில் வருஷந்தோறும் 'டூர் டி பிரான்ஸ்' என்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது. மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மலை மலையாக ஏறி இறங்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்பவர் 1996-ல் புற்றுநோயில் விழுந்து, பிழைத்து எழுந்து, 1999 முதல் 2005 வரை ஏழு தடவை அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். உலகமே கைதட்டியது. ஊக்கமருந்து எடுத்தாரோ என்று யாராவது சந்தேகப்பட்டால், "எத்தனையோ சோதனை கொடுத்திருக்கிறேன், ஒன்றிலும் பிடிபடவில்லை" என்கிற விதமாகவே பதில் சொல்லிவந்தார்.

2012 அக்டோபரில் அமெரிக்காவின் ஊக்கமருந்து தடுப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 26 பேர் அதில் சாட்சி சொல்லியிருந்தார்கள். அவரோடு ஒரே அணியில் சைக்கிள் ஓட்டினவர்களும் அதில் உண்டு. ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் டெலிவிஷன் பேட்டியில் அவரே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். ஆனாலும், அந்த நாட்களில் அதை ஏமாற்றாக நினைக்கவில்லை, எல்லாருக்கும் சமமான களமாகவே நினைத்தேன் என்ற கருத்தில் பேசினார். அதாவது, "எல்லாரும்தான் செய்தார்கள்."

மருந்தில் குற்றம் இல்லை

அவர்கள் போட்டுக்கொண்ட மருந்துகளில் முக்கியமானது இ.பி.ஓ. என்பது. இது நம் சிறுநீரகமே சுரக்கிற ஒரு பொருள். சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லுவது இதுதான். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இது போதிய அளவு சுரக்காது, இரத்தசோகை வந்துவிடும். டயாலிசிஸ் செய்துகொள்ளுகிறவர்களுக்கு இதை ஊசியாகப் போடுகிறார்கள். எத்தனையோ பேர் எழுந்து நடமாட அது உதவுகிறது. நல்ல மருந்து!

அதே ஊசியை நல்ல சுகமுள்ள ஒருவன் போட்டுக்கொண்டால் சிவப்பணு மிஞ்சிப்போகும், தசைக்கு ஆக்சிஜன் அதிகம் போகும், மலை ஏறும்போது களைப்பு பிந்தி வரும். கூடவே இரத்தம் கெட்டியாகி, உறைந்து, உயிருக்கே மோசம் வரலாம். இதற்கு முந்தின தலைமுறையில் வேறு மருந்து ஓடியது. 1967 ஜூலை 13-ல் டாம் சிம்சன் என்ற இங்கிலாந்து வீரர் இதே பந்தயத்தில் மோன் வாந்தூ மலைமேல் விழுந்து இறந்தார். வயது 29. உடம்பில் ஆம்பெட்டமின் இருந்தது.

வேலி எங்கே, நியாயம் எங்கே?

1990-களில் இ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கச் சோதனையே இல்லை. ஆகவே 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு வேலி போட்டது. இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 50-ஐத் தாண்டினால் 15 நாள் ஓட்டக்கூடாது என்பது விதி. என்ன நடந்தது தெரியுமா? 50-க்கு ஒரு நூல் இந்தப்பக்கம் நிற்கும்வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். எல்லையே இலக்கு ஆகிப்போனது. சோதனைக்காரர் வந்துவிட்டால் சலைன் ஏற்றி இரத்தத்தை நீர்க்கப்பண்ணினார்கள். 1998-ல் உலகச் சாம்பியன் போட்டியின்போது அணியின் டாக்டர் ஒரு சலைன் பையை மழைக்கோட்டுக்குள் மறைத்து, அதிகாரியைத் தாண்டி ஆம்ஸ்ட்ராங்கிடம் கொண்டுபோனதை அந்த அறிக்கை சொல்லுகிறது. 2000-ல் இ.பி.ஓ.வுக்குச் சோதனை வந்தபோது, தங்கள் சொந்த இரத்தத்தையே எடுத்துவைத்துத் திரும்ப ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். வேலி எங்கே இருக்கிறது என்று சட்டம் காட்டும். வேலிக்கு இந்தப்பக்கம் நிற்கிறவனுடைய உள்ளம் சுத்தமா என்று அது காட்டாது. பிடிபடாதவன் வேறு, குற்றமில்லாதவன் வேறு. கடைசியில் ஆம்ஸ்ட்ராங்கை வீழ்த்தியது பெரும்பாலும் மனுஷருடைய சாட்சிதான். சோதனைச்சாலை பாட்டிலால் முடியாததை, உண்மையைச் சொல்லத் திறந்த வாய் செய்தது.

அந்த ஒருவர்

வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து, "பாஸ்டர், எல்லாருமே போட்டுக்கிட்டாங்கன்னா கணக்கு சமமாயிடுதே, அப்புறம் யாரை ஏமாத்துனாங்க?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி. இரண்டு பதில் உண்டு.

முதலாவது, சமம் ஆகவே ஆகாது. பிறவியிலேயே 48 உள்ளவனுக்கு ஏற்றிக்கொள்ள இடமில்லை. 40 உள்ளவன் எவ்வளவோ ஏறலாம். கெட்டிக்கார டாக்டரை வைத்துக்கொள்ளப் பணம் உள்ளவனுக்கு ஒரு பலன், இல்லாதவனுக்கு ஒரு பலன். அப்புறம் ஜெயிப்பது கால் இல்லை, ஊசியும் பர்சும்தான்.

இரண்டாவது, "எல்லாரும்" என்பதே பொய். கிறிஸ்டோஃப் பாசோன் என்ற பிரெஞ்சு வாலிபன் இருந்தான். அவன் இருந்த பெஸ்டினா அணியின் கார் ஒன்று 1998-ல் எல்லையில் மருந்துக் குவியலோடு பிடிபட்டது. அந்த அணியில் மருந்தை மறுத்த வெகு சிலரில் இவனும் ஒருவன் என்று, மருந்து எடுத்தவர்களே சொன்னார்கள். அடுத்த வருஷம் 25 வயதில் வேறு அணிக்காக டூர் டி பிரான்ஸில் ஓட்டினான். இந்த வேகம் சந்தேகமாயிருக்கிறது என்று செய்தித்தாளில் எழுதினான். கூட்டத்தில் அவனோடு பேசுவாரில்லை. ஆல்ப் துயேஸ் மலைக்குப் போகிற நாளில், முதலிடத்தில் இருந்த ஆம்ஸ்ட்ராங்கே அவன் பக்கத்தில் வந்து, நீ பேசுவது விளையாட்டுக்குக் கெடுதல், வீட்டுக்குப் போ என்ற அர்த்தத்தில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 16-ல், பந்தயத்தை முடிக்காமல் அவன் வெளியேறினான். 2001-ல் பந்தய வாழ்க்கையே முடிந்தது.

"எல்லாரும் செய்தார்கள்" என்று சொல்லுகிறவன் இந்தப் பையனைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் அவன் பிழைப்பைத் திருடினார்கள், பிறகு அப்படி ஒருவன் இருந்ததையே மறைத்தார்கள்.

திருப்பிக் கொடுக்க முடியாதது

இன்று உயர்மட்ட வீரர்கள் பலர் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தடவை தவறினால் அதுவே குற்றம். அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கச் சிறுநீர் கொடுக்க வேண்டும். மாதிரிகளை 10 வருஷம் வரை வைத்திருந்து மறுபடி சோதிக்கலாம். குற்றமற்றவனுக்கும் இந்த வெட்கம் எதற்கு என்று கேட்கலாம். நான் யோசித்துக் கண்ட பதில் இது: இந்தச் சோதனைகள் கள்ளனுக்காக மட்டும் இல்லை, பாசோன் போன்றவனுக்காகவும் இருக்கின்றன. அவன் உண்மையானவன் என்று சொல்ல, அவன் வாயைத் தவிர இன்னொரு சாட்சி வேண்டாமா?

ஆனாலும் சோதனை எல்லாவற்றையும் திருப்பித் தராது. கிரேக்க தேசத்து ஒலிம்பியாவில், ஏமாற்றினவர்களிடம் வாங்கிய அபராதப் பணத்தில் வெண்கலச் சிலைகள் செய்து, மைதானத்துக்குப் போகிற வழியில் நிறுத்தினார்கள். முதல் சிலைகள் கி.மு. 388-ல், எதிராளிகளுக்குப் பணம் கொடுத்து ஜெயித்த குத்துச்சண்டைக்காரனால் வந்தவை. அவற்றின் பீடங்கள் இன்றும் இருக்கின்றன. 2004-ல் அதே ஒலிம்பியாவில் ஒலிம்பிக் குண்டு எறிதல் நடந்தது. அமெரிக்காவின் ஆடம் நெல்சனும் உக்ரைன் வீரரும் ஒரே தூரம், 21.16 மீட்டர் எறிந்தார்கள். இரண்டாவது சிறந்த எறியை வைத்து உக்ரைன் வீரருக்குத் தங்கம் போயிற்று. 2012-ல் பழைய மாதிரியை மறுபடி சோதித்தபோது மருந்து தெரிந்தது. 2013-ல் நெல்சனுக்குத் தங்கம் கைக்கு வந்தது. எங்கே? அட்லாண்டா விமான நிலையத்தில், சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற இடத்தில்! பதக்கம் வந்தது. ஒன்பது வருஷமும், அந்த மேடையும் வரவில்லை.

பவுல் அப்போஸ்தலன் நாட்களில் கொரிந்துவுக்கு அருகே பெரிய விளையாட்டுகள் நடந்தன. அவர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது கிரீடத்தையும் பந்தய விதியையும் பிரிக்காமல் சேர்த்தே பேசினது காரணத்தோடுதான்.

தேவபிள்ளைகளே, பாசோனைத் தள்ளினவர்கள் எல்லாரும் மருந்து எடுத்தவர்கள் என்று சொல்ல முடியாது. சும்மா இருந்தவர்களும், பேசாமல் முகத்தைத் திருப்பினவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். உங்கள் ஆபீசில் பங்கு வாங்காத ஒருவர் இருப்பார். வகுப்பில் பிட்டு வாங்காத ஒரு பிள்ளை இருக்கும். "பெரிய யோக்கியன்" என்று மற்றவர்கள் சிரிக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம்? நாளைக்கு மத்தியானம் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.