தச்சருக்குள்ள பாக்கி



சென்ற மாதம் ஒரு நாள் மாலை, படுத்த படுக்கையாயிருக்கும் ஒரு தாயாருக்குத் தேவநற்கருணை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தச்சருடைய வீட்டுக் கொட்டகையில் நுழைந்தேன். வீட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த சிறிய கொட்டகை. தரையெல்லாம் இழைப்புளிச் சீவல். வேலை மேசையின் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு அவருடைய இளைய மகள் பள்ளிக்கூடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இழைத்த தேக்கின் வாசனை. நாசரேத்தூரில் தேக்கு மரம் கிடையாது, ஆனாலும் அர்ச். சூசையப்பருடைய வீடும் ஏதோ ஒரு மரத்தின் வாசனையோடுதான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

சுவரோரமாக மூன்று கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றும் முடிந்த வேலை. ஆனால் விரல் வைத்தால் தடம் பதியும் அளவுக்குத் தூசி படிந்திருந்தது.

"மேஸ்திரி, இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"சொல்லிவிட்டுப் போனவங்களுக்குத்தான் சாமி. எடுத்துக்கிட்டுப் போக இன்னும் வரலை."

"அப்படியானால் வேறு யாருக்காவது விற்றுவிடலாமே?"

அவர் சிரித்தார். "சட்டைன்னா அண்ணனுக்குத் தைச்சதைத் தம்பிக்குப் போடலாம் சாமி. கதவு அப்படியில்லையே. அந்த வீட்டு நிலைக்கு அளவெடுத்தது அந்த வீட்டுக்குத்தான் ஆகும்."

இந்த ஒரு வார்த்தையை நான் பல நாள் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும்.

கடையில் அடுக்கி வைத்து விற்கும் கதவு ஒன்று; நம் வீட்டுக்கென்று சொல்லிச் செய்விக்கும் கதவு வேறொன்று. கடைக் கதவை நீங்கள் வேண்டாமென்றால் அடுத்தவர் வாங்கிப் போவார், கடைக்காரருக்கு நஷ்டமில்லை. சொல்லிச் செய்விப்பதில் அப்படியா? தச்சர் நம் வீட்டுக்கு வருகிறார். நிலையின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்கிறார். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடிக்கிறார். இரண்டு குறுக்களவும் ஒன்றாயிருந்தால் நிலை சதுரமாய் நிற்கிறது. இல்லையென்றால் எங்கோ சாய்ந்திருக்கிறது. பழைய வீடுகளில் அநேகமாய்ச் சாய்ந்துதான் இருக்கும். கீல் வலப்புறமா இடப்புறமா, கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். நாமோ கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே பூ வேலை வேண்டும், நடுவில் இந்தச் சிலுவை வேண்டும் என்கிறோம். ஆக, நம் வீட்டு நிலையின் கோணலும் நம் மனசின் ஆசையும் சேர்ந்துதான் அந்தக் கதவு. உலகத்தில் அதற்கு வேறொரு வாசல் இல்லை.

அதற்குள் போகிற வேலையை நாம் பார்ப்பதில்லை. நான்கு பலகை வைத்த ஒரு சாதாரணக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெட்டுச் சட்டம் 2, குறுக்குச் சட்டம் 3, நடுவில் குட்டைச் சட்டம் 2. இவை கூடுகிற மூட்டுகள் 10. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, மற்றதில் அதற்கேற்ற துளை வெட்டி, தட்டி நுழைத்து, முளை அடித்து இறுக்க வேண்டும். சட்டங்களை இப்படி இறுக்குகிற அதே மனிதர் பலகைகளை மட்டும் இறுக்குவதில்லை. சட்டத்தில் காடி வெட்டி, பசையும் ஆணியும் இல்லாமல், கொஞ்சம் இடம் விட்டு உட்கார வைக்கிறார். ஏனென்றால் மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. அகலமான பலகையை ஆணியடித்துப் பூட்டினால் இரண்டொரு கோடையில் வெடித்துப் போகும். மெருகு போட்ட பிறகு இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததனால்தான் நாம், "நாலு பலகைக்கு இவ்வளவா?" என்கிறோம்.

வேலை முடிகிறது. இப்போது நடப்பதைக் கவனியுங்கள். வேலை தொடங்குமுன் தச்சர் கையில் பேரம் பேச வலுவிருந்தது; விலை ஒத்துவராவிட்டால் முடியாதென்று சொல்லிவிடலாம். கதவு முடிந்த பின் அந்த வலு முழுவதும் நம் கைக்கு வந்துவிடுகிறது. மர வாடியில் மரம் எடுத்த கடன் அவர் தலையில். கதவோ வேறு யாருக்கும் உதவாது. இதை நாமும் அறிவோம், அவரும் அறிவார். அந்த நேரம் பார்த்து, "பேசினது பேசினது, ஆனால் மெருகு இன்னும் கொஞ்சம் நன்றாயிருக்கலாம், ஒரு 2,000 குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். அல்லது, "புது வீட்டு மந்திரிப்பு முடியட்டும், தருகிறேன்" என்கிறோம். மந்திரிப்பன்று எல்லார் முன்னிலையிலும் அவருக்கு வேட்டியும் துண்டும் போட்டு மரியாதை செய்கிறோம். அவரும் வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். பாக்கி மட்டும் நிற்கிறது.

இது புதிய வழக்கமன்று. யூதேயாவை கி.மு. 609 முதல் 598 வரை ஆண்ட யோவாக்கீம் என்ற அரசனைப் பற்றி எரேமியாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம் 22-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவனுக்கு விசாலமான அரண்மனை வேண்டியிருந்தது. பெரிய பெரிய சன்னல்கள் வைத்தான். கேதுரு மரப் பலகை பதித்தான். சிவப்பு வர்ணம் பூசினான். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. அந்த மனிதனுக்குக் கேடு என்று தீர்க்கதரிசி சர்வேசுரன் பெயரால் சொல்கிறார். அதோடு நிற்காமல் ஒன்று கேட்கிறார்: உன் தகப்பனும் உண்டு குடித்து வாழ்ந்தவன்தானே, ஆனால் அவன் நியாயம் செய்தான் அல்லவா? பார்த்தீர்களா! நல்ல வீடு கட்டாதே, தேக்குக் கதவு வைக்காதே என்று வேதம் சொல்லவில்லை. அந்த மரத்துக்குள்ளே பிறத்தியாருடைய வியர்வையை வைத்துப் பூட்டாதே என்றுதான் சொல்கிறது.

உபாகமம் 24-ம் அதிகாரம் இன்னும் கண்டிப்பாய்ப் பேசுகிறது. கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்க வேண்டும். அவன் ஏழை, அவன் உயிர் அதிலே தங்கியிருக்கிறது. அதே அதிகாரத்தில் சற்று முன்னே வேறொரு கட்டளையும் உண்டு. ஒருவனுக்குக் கடன் கொடுத்து ஈடு வாங்கப் போகிறவன் அவன் வீட்டுக்குள் நுழையக்கூடாதாம். வெளியே நிற்க வேண்டுமாம். கடன் பட்டவனுடைய வாசலுக்குக்கூட சர்வேசுரன் அவ்வளவு மரியாதை வைத்தார். நம் தச்சர்கள் கடன்பட்டவர்களும் அல்லர், கடன் கொடுத்தவர்கள். அவர்களோ நம் வாசலில் நின்று, கூப்பிடத் தயங்கி, திரும்பிப் போகிறார்கள். தாங்களே செய்து மாட்டின கதவு சாத்தியிருக்கக் கண்டு.

ஞானோபதேசத்தில் சிறு வயதிலேயே படித்தோம்: பரலோகத்தை நோக்கிப் பழி கேட்கும் பாவங்கள் நான்கு. மனமறிந்து செய்யும் கொலையோடு தொடங்குகிற அந்த வரிசையிலே நான்காவது எது? கூலிக்காரனுடைய கூலியைக் கொடாமலிருப்பது. "நான் கொலைகாரனுமல்ல, திருடனுமல்ல" என்கிறவர்கள் அந்த வரிசையைக் கடைசி வரையில் சொல்லிப் பார்க்கட்டும். நிறுத்திவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் அர்ச். இயாகப்பர். கூலிக்காரன் கூச்சத்தினால் வாய் திறக்காமலிருக்கலாம். கூலி சும்மா இருக்காது.

"அவரே சம்மதித்துத்தானே குறைத்துக்கொண்டார்?" என்று சிலர் கேட்பீர்கள். 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ம் ஆண்டில் தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதின நிருபத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. இல்லாமையினாலோ, இதைவிடக் கேடு வந்துவிடுமோ என்ற பயத்தினாலோ தொழிலாளி குறைவானதற்கு இணங்கினால், அது சம்மதமன்று. பலவந்தமும் அநியாயமுமே என்று தீர்த்துச் சொல்லுகிறார். இதைக் குருமடத்தில் படித்தபோது ஆலைகளையும் பெரிய முதலாளிகளையும் மட்டுமே நினைத்துக்கொண்டேன். ஒரு கதவு செய்விக்கிற நாமும் அந்த ஒரு கதவு மட்டுக்கும் முதலாளிகள்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நம் கர்த்தர் இந்தக் கொட்டகைக்கு அந்நியர் அல்லர். அர்ச். மத்தேயு அவரைத் தச்சருடைய மகன் என்று ஊரார் சொன்னதாய் எழுதுகிறார், அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தில் அவரையே தச்சர் என்கிறார்கள். 2-ம் நூற்றாண்டில் வேதசாட்சியாய் மரித்த அர்ச். யுஸ்தீனுஸ், நமது ஆண்டவர் கலப்பையும் நுகமும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். நுகத்தடியும் மாட்டின் கழுத்துக்குப் பொருந்தச் செய்கிற பொருள்தான். நாசரேத்தூரிலும் பேரம் பேசினவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? அறுவடை முடியட்டும் தருகிறேன் என்று சொல்லி நுகத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? தேவமாதா எத்தனை நாள் அந்தப் பணத்துக்காகக் காத்திருந்தார்களோ, நாம் அறியோம். 12-ம் பத்திநாதர் பாப்பானவர் 1955-ம் ஆண்டில் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளியான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். அன்று நாம் அவர் சுரூபத்துக்கு மாலை போடுகிறோம். அவர் கையில் உளியும் மூலைமட்டமும் இருக்கிறது.

தச்சர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நான் நியாயக்காரனாக மாட்டேன். ஒருவரிடம் முன்பணம் வாங்கி, அதில் இன்னொருவருக்கு மரம் எடுத்து, மூன்றாமவருக்குச் சாக்குச் சொல்லுவது உண்டு. வைரம் பாயாத வெள்ளை மரத்தைச் சாயமேற்றித் தேக்கென்று மாட்டுவதும், ஈரம் காயாத கட்டையை இழைத்துவிட்டு, வெடித்த இடத்தில் மரத்தூளும் பசையும் அடைப்பதும் உண்டு. இதுவும் களவுதான். ஆனால் ஒன்று: வேலையில் உள்ளபடியே குறையிருந்தால் அன்றைக்கே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். பாக்கி கொடுக்கிற நாளில்மட்டும் கண்ணுக்குத் தெரிகிற குறை எனக்குச் சந்தேகமாயிருக்கிறது.

இனி, நான் சொல்ல வெட்கப்படுகிறதைச் சொல்ல வேண்டும். மழை விட்டு நான் எழுந்தபோது, அந்தத் தச்சருடைய கணக்கு நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. வேண்டுமென்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. முதல் வரியில், "கோயில் - சக்கிறீஸ்துக் கதவு - பாக்கி 4,500" என்றிருந்தது. அந்தக் கதவு மாட்டிப் பதினொரு மாதமாகிறது. தினமும் பூசைக்குமுன் அதைத் திறந்துதான் உள்ளே போகிறேன். மழைக்காலத்திலும் பிடிக்காமல் திறக்கிறது. திருநாள் செலவு முடியட்டும் என்று தள்ளினேன். பிறகு கூரை வேலை என்றேன். பிறகு மறந்தே போனேன்.

"ஏன் கேட்கவில்லை மேஸ்திரி?" என்றேன்.

"கோயில்கிட்ட எப்படிச் சாமி கேக்கிறது?" என்றார்.

உங்களுக்குச் சொன்ன உபாகமமும் சிங்கராயர் நிருபமும் எனக்குத் தெரியாததா? தெரிந்தும் பதினொரு மாதம். ஆகையால் உங்களில் பாக்கி வைத்திருக்கிறவர்களை நான் மேலிருந்து கண்டிக்கவில்லை. உங்கள் வரிசையில் முன்னால் நின்று பேசுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பிறர் பொருளைத் திரும்பக் கொடுக்க வழியிருந்தும் கொடுக்க மனமில்லாதவனுக்குப் பாவப்பொறுத்தல் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டாலும் தீராது. உரியவர் உயிரோடு அடுத்த தெருவில் இருக்கும்போது உண்டியலுக்கு அதில் என்ன பாத்தியதை? முழுதும் ஒரே தடவையில் முடியாதவர்கள் அவரிடம் நேரில் போய் நாளும் தொகையும் சொல்லி, சொன்ன நாளில் கொடுங்கள்.

இனி வீடு மந்திரிக்க என்னைக் கூப்பிட வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். தச்சர், கொத்தனார், வர்ணம் பூசினவர் கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டதா? தீராவிட்டால் தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். தீர்த்த செய்தி வந்தவுடன் தீர்த்தச் செம்போடு நானே வந்து சேருகிறேன்.

கோயில் பாக்கி 4,500 ரூபாயையும் அன்று இரவே கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டில் அந்த வரியைத் தம் மகளைக்கொண்டு அடிக்கச் சொன்னார். சுவரோரம் சாய்ந்திருந்த மூன்று கதவுகள் யாருடையவை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சென்ற சனிக்கிழமை அந்த வழியே போகும்போது எட்டிப் பார்த்தேன். ஒன்று வண்டியேறிப் போய்விட்டது. இரண்டு இன்னும் அங்கேயே இருக்கின்றன.

உங்கள் பங்குக் குரு