விதி என்று சொல்வதற்கு முன்

பிள்ளைக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் எங்கள் ஊரான மேருவில் முதலில் திருநீறு வரும். பிறகு மிளகாய் சுற்றிப் போடுவார்கள். குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை நீவிவிட ஒரு பாட்டியைத் தேடுவார்கள். கிளினிக் அதற்கப்புறம்தான். தாதியாக வேலை பார்த்த காலத்தில் இதற்காக யாரையும் நான் ஏசியதில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான் நானும். திருநீறு பூசுவதால் கெடுதல் இல்லை. பூசிவிட்டு, 'இனி ஆத்தா விட்ட வழி' என்று கையைக் கட்டிக்கொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கையைக் கட்டிக்கொள்ளாத ஒருவர் கதையைச் சொல்கிறேன். 1971இல் வங்காளதேசப் போருக்குத் தப்பி வந்தவர்களிடையே, மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலிப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். ஊட்டியவர்களில் பலர் நோயாளிகளின் வீட்டு ஆட்களே. நூற்றுக்கு 30 பேர் அளவில் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அதைக் குடித்தவர்களிடையே சாவு 3.6 விழுக்காடாக இறங்கியது.

காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வழி மட்டும் அடைபடுவதில்லை. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. அந்த வழியை அருள் என்றே சொல்வேன். ஆனால் ரப்பர் தோட்டத்து லயங்களில் வயிற்றுப்போக்கில் போன பிள்ளைகளுக்கும் அதே வழி திறந்துதானே இருந்தது? விதி என்றார்கள், முற்பிறவி வினை என்றார்கள். பால் மணம் மாறாத பிள்ளையின் வினைக்கணக்கை யார் பார்த்தார்கள்? அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்த பிறகும் நாம் விதி என்றே சொல்வது பக்தி ஆகாது.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு கூட இருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தில் ஒரு பங்காக வைக்கிறது. வாந்தி எடுக்கும் பிள்ளையிடம் அவருக்குத்தான் வேலை அதிகம். அந்தச் சர்க்கரை-உப்புக் கலவையான ஓ.ஆர்.எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். இனிப்புப் பானம் அதற்கு ஈடாகாது. ஒரு டம்ளரை ஒரேயடியாகப் புகட்டினால் அப்படியே திரும்பி வரும். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், குடிக்கவும் தெம்பில்லாமல் துவண்டால் உடனே ஆஸ்பத்திரி.

ஒவ்வொரு கரண்டிக்கும் ஆத்தாளைக் கூப்பிடுங்கள், தாராளமாக. விதியைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். பிள்ளை ஒருமுறை ஒன்றுக்குப் போகட்டும், பிறகு உட்கார்ந்து பேசுவோம்.